ஆப்பிரிக்காவுக்குப் போன கப்பல்

கடந்த ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு மாணவர் எங்கள் புலத்திற்கு வந்திருந்தார். பார்வைக்கு நம்மில் ஒருவர்தான். தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, முதலாமாண்டு மாணவர்கள் அவரிடம் படபடவென்று தமிழில் பேசினார்கள். அவர் விழித்தார், அவர் விழிப்பதைக் கண்டு இவர்களும் விழித்தார்கள். அம்மா, தாத்தா, காவடி, ரசம் என்று அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பழைய பதிவேடு ஒன்றின் பக்கம் அது. கோடு போட்ட கட்டங்களுக்குள் சாய்வான ஆங்கிலக் கையெழுத்து. ஓர் எண், பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், கடைசியாக உடலில் உள்ள அடையாளம். 'இவர் என் தாத்தாவின் தாத்தா. இடப்புருவத்துக்கு மேலே தழும்பு இருந்ததாம்' என்றார், ஏதோ நேற்றுப் பார்த்தவரைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு என்னிடம், 'உங்கள் குடும்பம் எந்த ஊர்?' என்று கேட்டார்.

'கிள்ளான்' என்றேன்.

'அதற்கு முன்?'

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், மொழிக்கழகத்தில் செயலவை உறுப்பினன், மேடையேறி மரபைப் பற்றிப் பேசுகிறவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. தமிழே தெரியாத அவரிடம் விடை இருந்தது. இது எப்படி நேர்ந்தது என்று தேடப் போய்த்தான், தமிழர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய கதையை நான் படிக்க நேர்ந்தது. இடைநிலைப்பள்ளியில் நான் படித்த வரலாற்றுப் பாடநூல்களில் நம் முன்னோர் மலாயா வந்ததே சில பக்கங்களில் முடிந்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களைப் பற்றி நான் அங்கே எங்கே படித்திருப்பேன்?

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள நேட்டால் அன்று பிரிட்டிஷாரின் குடியேற்ற நாடு. 1850களில் அங்கே கரும்பு பயிரிடத் தொடங்கினார்கள். அந்த மண்ணின் மக்களான சூலு இனத்தவருக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொடுத்த கூலிக்கு ஆண்டு முழுவதும் குனிந்து நிற்க அவர்கள் அணியமாக இல்லை. அதனால் 1859-இல் சட்டம் இயற்றி, இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. 1860 அக்டோபரில் மதராசிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல், ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்து நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். டர்பன் மக்கள் இன்றும் நவம்பர் 16-ஐ நினைவுநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பயணத்தின் முதல் சோதனை கப்பலேறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அன்றைய மதராசுக்குத் துறைமுகமே கிடையாது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அங்கே துறைமுகம் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே ஓயாமல் வரிசைகட்டி வந்து உடையும் அலைகள். அந்த அலைகளைத் தாண்ட மசூலாப் படகு என்ற ஒருவகைப் படகு இருந்தது. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துவிடும். ஆகவே பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தே கட்டியிருப்பார்கள். அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த, வாழ்நாளில் ஏரியைத் தவிர வேறு பெருநீரைப் பார்த்திராத ஒரு குடியானவன், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தைத்த படகில் உட்கார்ந்ததை நினைத்துப் பார்க்கிறேன். கப்பலைப் பற்றிய பயமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கப்பலுக்கு முன் முகாம் வாழ்க்கை. ஆள் சேரும்வரை மதராசில் இருந்த முகாமில் காத்திருக்க வேண்டும். மருத்துவர் பார்ப்பார்; அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுவார்கள்; கம்பளி, உடுப்பு, தட்டு கொடுப்பார்கள்; எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு ஷில்லிங் கூடும் என்பது ஒப்பந்தம். பத்தாண்டு இருந்தால் திரும்பி வர இலவசப் பயணம். ஒப்பந்தம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வாயில் போட்டு உருட்டி, அங்கே போனவர்கள் 'கிர்மிட்' ஆக்கிக்கொண்டார்கள். நம் பக்கத்திலோ மலாய் மொழியின் 'ஜன்ஜி' சஞ்சியாகி, 'சஞ்சிக்கூலி' என்ற சொல் பிறந்தது. ஒரே வகைக் கைநாட்டுக்கு இரண்டு கடல்களில் இரண்டு பெயர்.

கப்பலின் மேல்தளத்துக்குக் கீழே உள்ள தளந்தான் இவர்களுடைய ஐந்து வார வீடு. தனி ஆண்கள் ஒரு பக்கம், குடும்பங்கள் நடுவில், தனிப் பெண்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைப்பது கூலிக் கப்பல்களில் வழக்கம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் உயரம். கடல் கொந்தளித்தால் மேலே உள்ள வழிகளை மூடிவிடுவார்கள். அப்போது கீழே இருப்பவர்களுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாந்தியெடுக்கும் அறையைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை. அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல் பருவம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு என்று அளவு குறித்துக் கொடுத்தார்கள். சமைக்கப் பயணிகளிலேயே சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். புயலில் அடுப்பு மூட்ட முடியாது. அந்நாள்களில் அவலும் ரொட்டியும்தான். குடிநீருக்கும் அளவு உண்டு. நோய் நுழைந்துவிட்டால் கப்பல் தப்புவது கடினம். ட்ரூரோவுக்குப் பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த பெல்விடியர் என்ற கப்பலில் நோய் பரவிச் சாவுகள் நேர்ந்தன. அதிலிருந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். இறந்தவரைக் கடலில்தான் விடவேண்டும். கொள்ளி வைக்கவும் இடமில்லை, குழி தோண்டவும் இடமில்லை. கூலிக் கப்பல்களின் மருத்துவர்களுக்கு உயிரோடு கரையிறக்கிய ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. முதலில் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், அந்தக் கணக்கு இல்லாமலிருந்தால் இன்னும் எத்தனை பேர் கடலுக்குப் போயிருப்பார்களோ!

இனி இன்பம். இந்தச் சொல்லை எழுதச் சற்றுத் தயங்கினேன். மேடையில் நாம் இந்த வரலாற்றைப் பேசும்போது கண்ணீரைத் தவிர வேறெதையும் அனுமதிப்பதில்லை. ஆனால் கூலிக் கப்பல்களைப் பற்றிய பதிவுகளைப் படித்தால், மாலை வேளைகளில் மேல்தளத்தில் மேளம் ஒலித்ததும், பாட்டும் ஆட்டமும் மற்போரும் நடந்ததும் திரும்பத் திரும்ப வருகின்றன. சோர்ந்து படுத்துக் கிடப்பவர்கள் விரைவில் நோயாளியாவார்கள் என்பதால் கப்பல் அதிகாரிகளே இதை ஊக்குவித்தார்கள். காரணம் அவர்களுடையதாக இருக்கட்டும். கால் எடுத்து ஆடியவர்கள் நம்மவர்கள். ஐந்து வாரம் உழவில்லை, அறுப்பில்லை, ஆண்டையின் அதட்டல் இல்லை. பாதிப் பேருக்கு அப்படியொரு ஓய்வு அதற்கு முன்னும் கிடைத்திருக்காது, பின்னும் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் நடந்தது. ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள் இங்கே ஒரே அண்டாவிலிருந்து சோறு வாங்கினார்கள். சாதி கடலில் கரைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பதிவேட்டிலேயே சாதிக்கு ஒரு கட்டம் இருந்ததே. ஆனாலும் சேர்ந்து வாந்தியெடுத்தவர்கள், சேர்ந்து சாவைப் பார்த்தவர்கள், கரையிறங்கும்போது உறவாகிவிட்டார்கள். வடநாட்டிலிருந்து போனவர்கள் அந்த உறவை 'ஜஹாஜி பாய்' என்றார்கள். கப்பல் அண்ணன் தம்பி என்று பொருள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனிலும் பெரிய கப்பல் கரையோரம் வர முடியாது. துறைமுக வாயிலில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது. அதை ஆழப்படுத்திப் பெரிய கப்பல்கள் உள்ளே வர 1904 ஆயிற்று. ஆகவே ட்ரூரோவும் வெளியே நங்கூரமிட, ஆட்களைப் படகில் கொண்டுவந்தார்கள். அலையைக் கடந்து ஏறியவர்கள் மணலைக் கடந்து இறங்கினார்கள். வேடிக்கை பார்க்க வெள்ளைக்காரர்கள் கரையில் கூடியிருந்தார்களாம். வந்தவர்களில் உழவர்கள் மட்டுமா இருந்தார்கள்? முடிதிருத்துநர், தச்சர், சமையற்காரர், கணக்கர் என்று ஒரு சிற்றூரே இறங்கியது. தங்க வைத்த இடம் சரியாகக் கட்டி முடிக்கப்படவில்லை. சில நாள்களில் முதலாளிகள் வந்து தத்தம் பங்கை அழைத்துச் சென்றார்கள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண். முதல் கப்பலில் ஒன்று முதல் தொடங்கிய எண் வரிசை, அடுத்தடுத்த கப்பல்களில் தொடர்ந்துகொண்டே போனது. கூலி வாங்க, முறையிட, திருமணத்தைப் பதிய என்று எதற்கும் எண்தான் முன்னால் நிற்கும். 1871-இல் முதன்முதலாக ஊர் திரும்பியவர்கள் தங்களை அடித்ததையும் கூலியைப் பிடித்ததையும் மதராசில் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். இடையில் நின்றுபோயிருந்த ஆள் அனுப்புதலை மீண்டும் தொடங்க வேண்டுமானால் விசாரணை வேண்டும் என்றாயிற்று. 1872-இல் விசாரணைக் குழு அமைத்து, குடியேறிகளுக்கென்று காப்பாளர் பதவியை ஏற்படுத்தினார்கள். 1874-இல் கப்பல்கள் மீண்டும் ஓடின. 1911-இல் இந்த முறை முடிவுக்கு வந்தபோது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் நேட்டாலில் இறங்கியவர்கள் 152,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் மதராசிலிருந்து கப்பலேறியவர்கள்.

அந்தப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. பின்னாளில் அங்குள்ள ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றினார்கள். என் நண்பர் தம் குடும்பத்துப் பழைய சான்றிதழ் ஒன்றில் இருந்த எண்ணைக் கொண்டு தேடியிருக்கிறார். மனிதனை மாடுபோலக் கணக்கு வைக்க எழுதிய எண், நான்கு தலைமுறைக்குப் பிறகு அவர் பேரனுக்கு ஊரைக் காட்டிக் கொடுத்தது.

மலாயாவுக்கும் சஞ்சிக்கூலிகளாக வந்தவர்கள் உண்டு. அது 1910-இல் நின்றது. ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை கங்காணி முறையில் வந்தவை. தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்குப் போவார், தெரிந்தவர்களையும் உறவினரையும் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலோ மதராசிலோ கப்பலேற்றுவார். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. நாகையிலிருந்து பினாங்கு ஒரு வாரப் பயணம். ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை, எண் இல்லை. நேட்டால் முறையைவிட இது மேல் என்று அன்றே சொன்னார்கள், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் யார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது கங்காணியின் தலைக்குள் இருந்தது. கங்காணி இறந்தார், அதுவும் போயிற்று. என் குடும்பத்தைத் தேட, நண்பர் காட்டியது போன்ற ஒரு பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று சிற்றுண்டிச்சாலையில் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. நண்பருக்கு என்னிடம் ஒரு வேலை இருந்தது. பதிவேட்டில் உள்ள பெயர்களை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அந்த எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் முனுசாமி மூன்சாமி ஆனதும், முதலி மூட்லி ஆனதும், கவுண்டர் கோவெண்டர் ஆனதும் இப்படித்தான். தம் தாத்தாவின் தாத்தாவுடைய தந்தை பெயரை அவர் 'டூல்கானம்' என்றார். எழுத்தைப் பார்த்தேன். இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'துலுக்காணம்!' என்று கத்தியே விட்டேன். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். துலுக்காணத்தம்மன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது சென்னை, ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம். மாவட்டக் கட்டத்தில் வட ஆற்காடு என்றே இருந்தது. அவர் 'துலுக்காணம், துலுக்காணம்' என்று பல தடவை சொல்லிப் பழகினார். 'ளகர ழகரம் இல்லாத பெயர், பிழைத்தீர்கள்' என்றேன். அவருக்கு அது புரியவில்லை. ஊர்ப்பெயரில்தான் எங்களுக்குள் முடிவில்லாத சண்டை. நான்கைந்து ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொண்டு அது வல்லமா, வேலமா, வாலமா என்று எப்படிச் சொல்வது? இரண்டு ஊர்களை வரைபடத்தில் குறித்துக் கொடுத்தேன்.

அவர் டர்பனுக்குத் திரும்பிய வாரம் நான் பாட்டிக்குத் தொலைபேசினேன். கப்பலில் வந்தவர் பாட்டியின் அப்பா, என் கொள்ளுத்தாத்தா. 'தாத்தா எந்த ஊரு பாட்டி?' என்றேன்.

'நாமக்கல் பக்கம்னு சொல்வாரு. ஆத்தங்கரை ஊராம். இதெல்லாம் எதுக்குடா தம்பி இப்ப?'

கதையைச் சொன்னேன். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்காததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டு வயதில் தாயோடும் தாய்மாமனோடும் ராஜுலா கப்பலில் வந்தாராம். மூன்று நாள் தலை தூக்கவில்லை. நான்காம் நாள் யாரோ கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுச் சோறு தின்றது சாகும்வரை அவர் நாக்கில் இருந்ததாம். பினாங்கில் நேராகக் கரையிறக்காமல் ஜெரெஜாக் தீவில் வைத்து, மருந்துத் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டியபோது மாமனின் குடுமி அவிழ்ந்து தொங்கியதைப் பார்த்துச் சிரித்து அடி வாங்கினாராம்.

'ஊறுகாய் குடுத்தவரு யாருன்னு தெரியும்ல? நம்ம கப்பல் மாமாதான்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பல் மாமா என்ற பெயரைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் துறைமுகத்தில் வேலை செய்தவர் என்றே நினைத்திருந்தேன். 'சொந்தமெல்லாம் இல்லடா. ஒரே கப்பல்ல வந்தவங்க. ஒரே ஊரு, இல்லாட்டி பக்கத்து ஊரு. அதனாலதான் கல்யாணம் காச்சின்னா மொத பத்திரிகை அவங்க வீட்டுக்கு' என்றார் பாட்டி. நேட்டால்காரர்களின் சொல்லை நான் நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அதன் பொருள் என் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைப் பட்டியலில் இருந்திருக்கிறது.

கப்பல் மாமா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல், ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறதாம். அவர்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்ததைப் பாட்டி பார்த்திருக்கிறார். கடிதம் என்றால் உறையின்மேல் அனுப்பியவர் ஊர் இருக்கும். பருவ விடுமுறையில் பாட்டியை அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். எதற்கும் போகும்போது எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.